ஆற்றில் பிள்ளைகளைப் பார்த்தால்

ஜனவரி 9

எட்டிமரத்துத் துறைக்கு வந்து சேர்ந்தேன். தருமபுரியில் ஏறிய பேருந்து பாதி வழியில் படுத்துவிட்டது. மீதி தூரம் தக்காளி வண்டியில், கூடைகளுக்கு நடுவே.

வேலை இதுதான். மூன்று மாதம், காவிரியில் பன்னிரண்டு கிலோமீட்டர், இரண்டு கரையிலும் நீர்நாய்கள் எத்தனை இருக்கின்றன என்று எண்ண வேண்டும். நிறுவனம் ஒரு படிவம் கொடுத்திருக்கிறது. தேதி, நேரம், இடம், எண்ணிக்கை, பெரியதா சிறியதா, என்ன செய்துகொண்டிருந்தது, யார் சொன்னது. ஏழு கட்டம். அதில் அடங்காததை இந்த நோட்டில் எழுதிக்கொள்ளலாம் என்று வாங்கினேன்.

நாற்பத்து மூன்று வயதில் ஆந்தை, எறும்புதின்னி, மலை அணில் என்று எண்ணாதது பாக்கியில்லை. என் எண்ணிக்கை ஒரு முறைகூடத் தவறியதில்லை. தற்பெருமைதான், இருக்கட்டும். இதை யார் படிக்கப் போகிறார்கள்?

ஜனவரி 11

பரிசல்காரர் பெயர் மாதப்பன். ஐம்பது வயது இருக்கும். துடுப்பைப் போடும்போது பேசுவார், நிறுத்தினால் பேச்சும் நின்றுவிடும்.

முதல் நாளே நல்ல தடயம். ஆற்று நடுவில் தட்டைப் பாறை, அதன் மேல் எச்சம். செதிலும் முள்ளும் நண்டு ஓடும் கலந்து, கருவாட்டுக் கடை நாற்றம். ஈர மணலில் ஐந்து விரல் தடம், விரலுக்கு நடுவே சவ்வு அழுந்திய கோடு. ஊர் நாய்க்கு நான்கு விரல்தான் பதியும்.

மாதப்பனுக்கு என் விதிகளைச் சொன்னேன். தண்ணீரில் ஒரு தலையைப் பார்த்துவிட்டு எழுதக் கூடாது. ஆமைக்கும் தலை உண்டு, மிதக்கும் கட்டையும் தூரத்தில் தலை மாதிரிதான் இருக்கும். முழுக வேண்டும். முழுகி, குமிழி விட்டு, வேறு இடத்தில் எழ வேண்டும். முழுகாத தலை நம் கணக்கில் வராது.

“சரிங்க மேடம்” என்றார். என்னைவிட முப்பது வருஷம் அதிகமாகப் பார்த்தவர், மரியாதைக்குக் கேட்டுக்கொண்டார்.

ஜனவரி 14

பொங்கலுக்கு முந்தின நாள். தங்கியிருக்கும் அறையின் கூரை ஓடு ஒன்று சரிந்து, குளிக்கும் இடத்தில் வெயில் விழுகிறது. அதுவும் நல்லதுதான்.

இன்று பரிசலில் போகும்போது “நீர்நாய்” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். மாதப்பன் துடுப்பை நிறுத்தினார்.

“மேடம், கரையில எப்படி வேணா சொல்லுங்க. தண்ணி மேல அந்தப் பேரு வேணாம். சொன்னா வலைய வந்து கடிச்சுரும்.”

“அப்ப என்னன்னு சொல்றது அண்ணா?”

“பிள்ளைங்கன்னு சொல்லுவோம். பிள்ளைங்க வந்திருக்கு, பிள்ளைங்க மீனு எடுத்துப் போச்சு. அப்படித்தான்.”

எனக்கு இது மிகவும் பிடித்துப்போனது. திரும்பும் வழியெல்லாம் பிள்ளைங்க, பிள்ளைங்க என்று சொல்லிப் பார்த்தேன்.

ஜனவரி 17

நான் பன்னிரண்டு கிலோமீட்டரும் தினம் பார்க்க முடியாது. ஆற்றோரம் இருப்பவர்கள் கண்ணில் பட்டதும் எனக்குச் சொன்னால் நல்லது. அதற்காக எல்லாத் துறையிலும் ஒட்டச் சொல்லி ஒரு நோட்டீஸ் அடித்திருந்தேன். “நீர்நாய்களைக் கண்டால் தெரிவிக்கவும்.” முதல் துறையில் ஒட்டி ஒரு மணி நேரத்துக்குள் கிழித்துவிட்டார்கள். தண்ணீர்ப் பக்கத்தில் அந்தப் பெயரை எழுதிக்கூட வைக்கக் கூடாதாம்.

சரி, ஊரோடு ஒத்துப் போகலாம் என்று புதிதாக அடித்தேன். “ஆற்றில் பிள்ளைகளைப் பார்த்தால் உடனே இந்த எண்ணுக்குச் சொல்லவும்.” கீழே என் கைபேசி எண். அதற்கும் கீழே போட்ட நீர்நாய்ப் படம் மைக்கறை மாதிரி கருப்பாக விழுந்திருந்தது, பார்க்கச் சகிக்கவில்லை. கத்தரிக்கோலால் எல்லா நோட்டீசிலும் அந்த அடிப்பகுதியை மட்டும் வெட்டிவிட்டேன். இப்போது பார்க்க அடக்கமாக இருக்கிறது.

மாதப்பனுக்குப் படித்துக் காட்டினேன். சிரித்தார். “எங்காளுங்க மாதிரியே பேச ஆரம்பிச்சிட்டீங்க” என்றார். நாள் முழுக்க அந்தச் சந்தோஷம்.

ஜனவரி 18

இந்தக் கரையில் ஆறு நோட்டீஸ், எதிர்க்கரையில் ஐந்து ஒட்டினோம். எதிர்க்கரையில் மீன்பிடிப்பவர்கள் இல்லை. ஆடு மேய்ப்பவர்களும், கடலை போடுபவர்களும்தான். பாறைக்கொட்டாய் என்ற ஊரின் வேப்பமரத்தில் கடைசி நோட்டீஸ்.

ஜனவரி 24

நோட்டீஸ் வேலை செய்கிறது! இன்று மட்டும் நான்கு அழைப்பு. “மேடம், பிள்ளைங்க அஞ்சாறு மணல்ல உருளுது.” “மேடம், பிள்ளை ஒண்ணு விரால கடிச்சு வச்சிருக்கு.” நிறுவனத்தில் சொன்னேன், பாராட்டினார்கள்.

எருமை மடுவில் ஒரு குடும்பத்தை நானே பார்த்தேன். எதிர்க்கரையை ஒட்டிய ஆழமான மடு, மேலே செங்குத்தான பாறை, கீழே நீர்மருது வேர்கள். பெரியது இரண்டு, நடுத்தரம் இரண்டு, குட்டி மூன்று. ஏழு. வரிசையாக நீந்தின, வரிசையாக முழுகின. குட்டி ஒன்று பின்தங்கி விசிலடித்தது. தாய் திரும்பி வந்து கூட்டிப் போனது.

ஜனவரி 30

மழை இல்லை, தண்ணீர் இறங்குகிறது. புதிதாக ஒன்றும் இல்லை. எருமை மடுவில் ஏழு.

பிப்ரவரி 6

காலையில் துணி துவைத்தேன். மதியம் படிவங்களைப் பிரதி எடுத்தேன். மாலை 4.10க்கு ஓர் அழைப்பு, எதிர்க்கரையிலிருந்து ஓர் அம்மா. போனுக்குள் காற்று இரைந்தது.

“ஏம்மா, நோட்டீசுல போட்ட நம்பருதானே? இங்க எருமை மடுவுல பிள்ளை ஒண்ணு கீதும்மா. தண்ணியில கீது.”

“எத்தனை பிள்ளைங்கம்மா?”

“ஒண்ணுதான். ஒண்ணே ஒண்ணு.”

“பெருசா, சின்னதா?”

“சின்னது. தலை மட்டும் தெரியுது. முழுவுது, ஏறுது, முழுவுது.”

“மீன் பிடிக்குதா? வாயில ஏதாச்சும் வச்சிருக்கா?”

 “என்னாது?” என்றாள்.

“பயப்படாதீங்கம்மா, ஒண்ணும் ஆவாது. சத்தம் போடாம அப்படியே தள்ளி நில்லுங்க. உங்க பேரு?”

“புட்டம்மா. நான் பாறை மேல கீறேன், எறங்க வழியில்ல. வருவீங்கல்ல?”

“பதிவு பண்ணிட்டேன்மா. ரொம்ப நன்றி” என்றேன். லைன் போய்விட்டது.

நல்ல பதிவு. தனியாக ஒரு குட்டி என்பது அபூர்வம். முழுகுகிறது என்று அவளாகவே சொன்னாள், நான் கேட்பதற்கு முன்பே. வரிசை 31: எருமை மடு, 1, சிறியது, நீந்திக்கொண்டிருந்தது. மாதப்பன் துறையில் பரிசலைக் கவிழ்த்துப் போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். போய்ப் பார்க்கலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். கால் மணி நேரம் ஆகும், அதற்குள் குட்டி போயிருக்கும்.

பிப்ரவரி 7

சாயங்காலம் எருமை மடுப் பக்கத்திலிருந்து குட்டியின் விசில். வெகு நேரம், ஒரே மாதிரி. பெரியது பதில் கொடுக்கவில்லை. காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்ததில் சாம்பார் அடிபிடித்துவிட்டது.

பிப்ரவரி 8

மாலை மூன்று மணி. இந்தக் கரையிலிருந்தே தூரநோக்கியில் மடுவைப் பார்த்தேன்.

எட்டு.

ஏழுதான் இருக்க வேண்டும். மறுபடி எண்ணினேன், எட்டு. ஏழும் முழுகின, எழுந்தன, சுற்றிச் சுற்றி வந்தன. எட்டாவது முழுகவில்லை. வேர்களுக்குப் பக்கத்தில் அப்படியே இருந்தது. மற்றவை அதன் அருகில் போய் மூக்கை நீட்டிவிட்டு விலகின. பத்து நிமிடம் பார்த்தேன், அதுவரை முழுகவில்லை. வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணில் அடித்தது. பிறகு மருத மரத்து நிழல் விழுந்துவிட்டது, ஒன்றும் தெரியவில்லை.

முழுகாத தலை கணக்கில் இல்லை. ஏழு என்றே எழுதினேன். கட்டையாக இருக்கும்.

பாறை மேல் ஒரு குட்டி பச்சையாக ஒரு வளையத்தை உருட்டி விளையாடியது. முன்னங்கையில் மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டி. வலை மிதவையின் துண்டு போல. படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை.

பிப்ரவரி 9

தலைவலி. பார்க்கப் போகவில்லை.

பிப்ரவரி 10

டீக்கடையில் ஒரே பேச்சு. பாறைக்கொட்டாயில் ஒரு பெண் குழந்தையைக் காணோமாம். சத்யஸ்ரீ, ஒன்பது வயது. திருவிழா விடுமுறைக்கு அடுத்த ஊரில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பியவள். போய்ச் சேர்ந்திருப்பாள் என்று அம்மா இருந்திருக்கிறாள், வரவில்லை போலிருக்கிறது என்று சித்தி இருந்திருக்கிறாள். அங்கே போனில் சிக்னல் கிடையாது. மூன்று நாள் கழித்து நேற்றுத்தான் இரண்டு வீட்டுக்கும் தெரிந்திருக்கிறது.

போக இரண்டு வழி, காட்டு வழியும் ஆற்று வழியும். ஆற்றுப் பக்கம் போகாதே என்று கண்டித்து வளர்த்த பிள்ளை, போக மாட்டாள் என்கிறார்கள். அதனால் காட்டில் தேடுகிறார்கள். யானை இருக்கும் காடு.

கிளம்பியது ஆறாம் தேதி, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு.

பிப்ரவரி 11

பழைய பதிவுகளைச் சரிபார்த்தேன். இது எப்போதும் செய்வதுதான். சொன்னவர்களைத் திரும்ப அழைத்து ஒரு முறை உறுதிசெய்துகொள்வேன். 31ஆம் வரிசையின் எண்ணை அழைத்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. நான்கு முறை அழைத்தேன்.

மற்ற முப்பது வரிசைகளையும் நாளை அழைக்க வேண்டும்.

பிப்ரவரி 12

மடுவுக்கு இன்றும் போகவில்லை. பரிசல் கசிகிறது.

“கசியலையே மேடம்” என்றார் மாதப்பன்.  அவர் என்னையே பார்த்தார். துடுப்பு கையில் இல்லாததால் மேலே பேசவில்லை.

பதினோரு மணிக்கு அந்தக் குழந்தையின் அம்மா துறைக்கு வந்தாள். கோவிந்தம்மா. முப்பது வயதுகூட இருக்காது. கையில் பள்ளிக்கூட அடையாள அட்டை, அதில் அவள் மகளின் படம். இரட்டைச் சடை, கன்னம் உப்பிய முகம்.

“நீங்க ஆத்தையே பார்த்துக்கினு இருக்கறவங்கன்னு சொன்னாங்க. எங்க பாப்பாவ எங்கியாச்சும் பார்த்தீங்களாக்கா? பச்சைப் பாவாடை. கையில பச்ச வளவி, பிளாஸ்டிக் வளவி, ஒரு கையில மட்டும் போட்டிருப்பா.”

“ஆத்துல எதையும் பார்க்கலம்மா” என்றேன்.

“அதான, எனக்குத் தெரியும். ஆத்துப் பக்கம் அவ வரவே மாட்டா” என்றாள். முகம் கொஞ்சம் தெளிந்தது. எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

நன்றி சொன்னாள்.

பிப்ரவரி 13

எண்ணிப் பார்த்தேன். எதை என்று எழுதவில்லை.

முப்பது வரிசைகளில் யாரையும் அழைக்கவில்லை. 31ஐ மட்டும் ஒன்பது முறை.

பிப்ரவரி 14

காலை ஒன்பதரைக்கு அந்த எண்ணிலிருந்தே அழைப்பு வந்தது. எடுக்கும் முன் அதன் சத்தத்தை முழுதும் கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன்.

“அம்மா, நான் புட்டம்மா. ஆட்டுப் பட்டிய ஓட்டிக்கினு மலைக்குப் போயிட்டேன், அங்க டவர் இல்ல. இப்பத்தான் எறங்கினேன். அந்தப் பிள்ளை பொழைச்சுதா?”

படிவத்தை எடுத்து 31ஆம் வரிசையைப் பார்த்தேன்.

“ஊருல ஏதேதோ சொல்றாங்க. பாறைக்கொட்டாய்ப் பொண்ணாமே. நான் சொன்னேன், அதெல்லாம் இல்ல, நான் அன்னிக்கே ஆபீசுக்குப் போன் பண்ணேன், எல்லாம் விவரமா கேட்டாங்க, பேரெல்லாம் எழுதிக்கினாங்கன்னு. வந்து எடுத்துட்டீங்கல்ல?”

“நோட்டீஸ்ல என்னன்னு படிச்சீங்கம்மா?” என்று கேட்டேன். அதைத்தான் கேட்டேன்.

“ஆத்துல பிள்ளையப் பார்த்தா சொல்லுன்னு போட்டிருந்துதே. பேரன் படிச்சுச் சொன்னான். கவுருமெண்டுல வச்சிருக்காங்க, முழுவுற பிள்ளைங்கள எடுக்கன்னு நெனச்சேன்.” பிறகு கொஞ்சம் தயங்கிச் சொன்னாள். “மீன் பிடிக்குதான்னு நீங்க கேட்டது எனக்குப் புரியலம்மா. சத்தம் போடாதன்னீங்க. அதான் நான் யாரையும் கூப்பிடல. கீழ கடலைக் காட்டுல ரெண்டு ஆம்பளைங்க இருந்தாங்க. கத்தியிருந்தா கேட்டிருக்கும். நீங்க சத்தம் போடாதன்னீங்களேன்னு வாய மூடிக்கினு நின்னேன்.”

நான் சத்தம் போடாதே என்றேன். ஒண்ணும் ஆவாது என்றேன். ரொம்ப நன்றி என்றேன்.

பிப்ரவரி 14, மீண்டும்

மாதப்பனிடம் சொன்னேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் தலையில் கை வைத்து மணலில் உட்கார்ந்துவிட்டார். “எங்க வார்த்தை மேடம் அது. எங்க வார்த்தையைக் கொண்டுபோய்…” என்றார்.  பிறகு எழுந்து பரிசலை நிமிர்த்தினார். அது கசியவில்லை.

இரண்டு பேரும் எருமை மடுவுக்குப் போனோம். மருத வேருக்குள் பச்சைத் துணி தெரிந்தது. நீர்நாய்கள் ஏழும் மேற்கே மணல்திட்டில் ஏறி நின்று எங்களைப் பார்த்தன. வழக்கமாக மனித வாடை பட்டால் சிதறி ஓடும். இன்று ஓடவில்லை. நாங்கள் அவளை எடுத்துப் பரிசலில் ஏற்றி முடிக்கும்வரை நின்றன.

பாறை மேல் வளையல் கிடந்தது. அதை நான் எடுத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 15

காவல் நிலையத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். 31ஆம் வரிசை இருந்த படிவத்தைக் கொடுத்தேன். எட்டாம் தேதி நான் பார்த்ததையும், பன்னிரண்டாம் தேதி நான் சொன்ன பொய்யையும் சொன்னேன். ஒரு காவலர் மட்டும் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

பிறகு பாறைக்கொட்டாய். மாதப்பன் வேண்டாம் என்றார், அடிப்பார்கள் என்றார். அடிக்கட்டும் என்றுதான் போனேன். உண்மையில் அடித்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

அடிக்கவில்லை. கோவிந்தம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் நோட்டீசிலிருந்து தொடங்கி, ஒன்றையும் விடாமல் சொன்னேன். என் குரல் படிவம் படிக்கும் குரலாகவே வந்தது. அதை மாற்ற முடியவில்லை.

“நாலு பத்துக்கா?” என்றாள்.

“நாலு பத்து.”

“அப்ப உசுரோட இருந்தாளா?”

“இருந்தா.”

“நீங்க எங்க இருந்தீங்க?”

“ரூம்ல. பரிசலும் ஆளும் துறையிலதான் இருந்தாங்க.”

அவள் வளையலை வாங்கித் தன் கையில் போட்டுப் பார்த்தாள். நுழையவில்லை. விரல் நுனியில் மாட்டி வைத்துக்கொண்டாள்.

வெளியே வரும்போது வேப்பமரத்தில் என் நோட்டீஸ் இருந்தது. நகத்தால் கிழிக்கப் போனேன். அவள் பின்னாலேயே வந்திருக்கிறாள், எனக்குத் தெரியவில்லை.

“கிழிக்காதீங்க” என்றாள். “அதைப் பார்த்துத்தான் அந்தக்கா போன் பண்ணுச்சு. வேற யாரும் பண்ணல, அது பண்ணுச்சு. இருக்கட்டும். அடுத்த தபா யாராச்சும் பண்ணா, கேள்வி கேட்டுக்கினு நிக்காதீங்க. போங்க.”

பிப்ரவரி 16

நிறுவனத்துக்கு ராஜினாமா எழுதினேன். அனுப்பினேன். பெட்டியைக் கட்டினேன். பிறகு அவிழ்த்தேன்.

மார்ச் 3

இதுவரை பதினாறு அழைப்பு. பதினாறுக்கும் போனேன். வேலை இல்லை, படிவம் இல்லை, போன் மட்டும் இருக்கிறது. சோறு கொதிக்கும்போது வந்தால் அடுப்பை அப்படியே விட்டுவிட்டுப் போகிறேன். மாதப்பன் பரிசலைக் கவிழ்த்துப் போடுவதில்லை. தண்ணீரிலேயே கட்டி வைக்கிறார். நான் ஓடி வருவதைப் பார்த்தால் எழுந்து நிற்கிறார், எங்கே என்று மட்டும் கேட்கிறார்.

இன்று காலை பத்து மணிக்கு ஒரு குரல். “மேடம், எருமை மடுவுல பிள்ளைங்க.” எத்தனை என்று கேட்கவில்லை. பெரியதா சிறியதா என்று கேட்கவில்லை. செருப்பும் போடவில்லை.

போனோம். நீர்நாய்கள்தான். ஒவ்வொன்றாக முழுகின, குமிழி விட்டன, எழுந்தன. ஏழு.

“ஏழுதான் மேடம்” என்றார் மாதப்பன். “போலாமா?”

மருத வேருக்குப் பக்கத்தில் தண்ணீர் கருப்பாக, அசையாமல் இருந்தது. இன்னும் ஒரு தடவை எண்ணிவிடலாம் என்றேன். அவர் துடுப்பை மடி மேல் வைத்துக்கொண்டார். வெயில் தலைக்கு மேல் வரும்வரை எண்ணிக்கொண்டிருந்தேன்.